விறகறுக்கும் ஊஞ்சல்

(மூன்றாமாண்டு, இளநிலை இயற்பியல்)

கல்லூரி மலரில் விறகைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். அணுவைப் பற்றியும் விண்வெளியைப் பற்றியும் எழுத நம் துறையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றி. அதில் நாம் முதலாண்டில் படித்த நெம்புகோலும் திருப்புத்திறனும் உராய்வும் அன்றாடம் கூலிக்கு வேலை செய்கின்றன. தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறந்துபோகும் அந்தப் பாடங்கள் ஒரு மனிதரின் கைவிரல்களைக் காப்பாற்ற உதவின என்பதால் அவற்றை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும் விளையும். பொய்த்தால் சீமைக்கருவேல் இருக்கிறது. இம்மரம் நம் நாட்டுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களில் வளர்ந்த இதன் விதை 1877ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதிக்கு வந்ததாக வனத்துறை வரலாறு கூறும். இன்று அதனைப் பழிக்காதவர் இல்லை. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதனை அகற்றும்படி உத்தரவிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நீரைக் குடிக்கிறது, கண்மாயை அடைக்கிறது என்ற குற்றச்சாட்டுகளை நான் மறுக்க வரவில்லை. ஆனால் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி வட்டாரங்களில் கரிமூட்டம் போட்டும் விறகு விற்றும் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பும் இந்த மரத்தால்தான் எரிகிறது. என் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்து வந்ததே.

விறகு வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். மரத்தைச் சாய்ப்பது ஒன்று. சாய்த்த கட்டையை அளவாகத் துண்டு போடுவது ஒன்று. பருத்த துண்டுகளைப் பிளப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவர் சாய்ப்பதுதான் பெரிய வேலை என்று நினைப்பார். உண்மையில் இடுப்பை ஒடிப்பது நடுவிலுள்ள துண்டு போடும் வேலை. சீமைக்கருவேல் சவுக்கைப் போல நேராக வளர்வதில்லை. ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு வளைவு, வளைவுக்கு ஒரு கவட்டை, கவட்டைக்கு நாலு முள். வைரம் பாய்ந்த கட்டையில் கோடரி போட்டால் சில வேளை தெறித்துத் திரும்பும். டீக்கடைக்கும் அடுமனைக்கும் ஓரடி நீளம், கரிமூட்டத்துக்கு ஒன்றரை முதல் இரண்டடி, செங்கல் சூளைக்கு அதற்கும் மேல் என்று கேட்பவருக்குக் கேட்ட அளவு கொடுக்க வேண்டும். ஒரு டிரெய்லர் விறகுக்கு எத்தனை நூறு அறுப்பு என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அய்யா கோடரியை விட்டுவிட்டுப் பெட்ரோலில் ஓடும் செயின் சா ஒன்றை வாங்கினார். ஊரில் அதற்கு 'மரம் அறுக்கிற மிஷின்' என்று பெயர். 58 சி.சி. இஞ்சின், 20 அங்குலப் பார், எல்லாம் சேர்ந்து ஏழு கிலோ எடை. அதன் பிறகு வேலை வேகமாயிற்று. ஆனால் மூன்றாம் ஆண்டு முதல் அவர் காலையில் சட்டைப் பொத்தானைப் போட என் தங்கையைக் கூப்பிடத் தொடங்கினார். விரல் நுனிகள் மரத்துப் போயின. டீத் தம்ளரின் சூடு விரலுக்குத் தெரியவில்லை. "மிஷின் நின்னு போனாலும் கைக்குள்ள அது ஓடிக்கிட்டே இருக்குடா" என்பார். மருத்துவர் சொன்னது இது: நாள்தோறும் பல மணி நேரம் அதிரும் கருவியைப் பிடிப்பவர்களின் விரல்களில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதாகின்றன. மேலைநாட்டு மரம்வெட்டிகளிடையே இந்நோய் நெடுங்காலமாக அறியப்பட்டது. குளிர் நாட்டில் விரல் வெளுத்துவிடும், நம் வெக்கையில் பெரும்பாலும் மரமரப்பாகத் தெரியும். முற்றிய பின் முழுமையாகத் திரும்பாது. கருவியைக் கையிலிருந்து விலக்குவதே வழி.

கருவியை விலக்கினால் வருமானம் விலகும். இதுதான் எங்கள் முன் நின்ற கணக்கு. கருவி ஓட வேண்டும், அதைக் கை பிடிக்கக் கூடாது.

வட்ட ரம்பம் இருக்கிறதே என்று நம் விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விறகுத் தொட்டிகளில் மோட்டாரிலோ டிராக்டரிலோ பெல்ட் போட்டுச் சுழலும் வட்ட ரம்பமே வழக்கம். நேரான சவுக்குக்கும் யூக்கலிப்டசுக்கும் அது ஏற்றது. ஆனால் வட்டத் தகட்டின் நடுவில் தண்டும் வாஷரும் இருப்பதால் பாதி விட்டத்துக்கும் குறைவாகவே அறுக்க முடியும். பத்து அங்குலக் கட்டையை அறுக்க இரண்டடித் தகடு வேண்டும். அத்தகட்டின் சுழற்சியில் தேங்கி நிற்கும் ஆற்றல் பெரிது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் நெடுநேரம் சுற்றும். அதைவிட முக்கியமானது, அங்கே ரம்பம் நிலையாக நிற்கிறது, கட்டையைக் கையால் தள்ளுகிறோம். வளைந்த கருவேலங்கட்டை பல்லில் மாட்டினால் புரளும். புரளும்போது பிடித்த கையையும் இழுக்கும். எங்கள் பக்கத்துத் தொட்டியொன்றில் அப்படி இரண்டு விரல்களை இழந்தவர் இன்று அங்கேயே காவலுக்கு இருக்கிறார். கட்டை நிற்க வேண்டும், ரம்பம் வர வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்ததற்கு அவரே காரணம்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லுமுன் இந்தச் சங்கிலி எப்படி அறுக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சங்கிலியில் பல் கோத்து அறுக்கும் எண்ணம் மரத்துக்காகத் தோன்றியதன்று. 1830 வாக்கில் ஜெர்மானியரான பெர்ன்ஹார்டு ஹைனெ என்பவர் எலும்பை அறுக்கவே கையால் சுழற்றும் ஒரு சங்கிலிக் கருவியைச் செய்தார். மரத்துக்கு வந்த பின்னும் முதலில் கைரம்பத்தின் பற்களைப் போன்றே பல் வைத்தார்கள். அது மரத்தைக் கீறியதே தவிர எளிதில் அள்ளவில்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர் 1946இல் ஒரு கட்டைக்குள் மரவண்டின் புழு எவ்வளவு எளிதாகத் துளைத்துச் செல்கிறது என்று கவனித்தார். அப்புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக வளைந்து மரத்தை வழித்தெடுத்தன. அதைப் பார்த்து அவர் அமைத்ததே இன்றைய பல். ஒரு பல் இடப்பக்கம் வளையும், அடுத்தது வலப்பக்கம். ஒவ்வொன்றும் தச்சரின் இழைப்புளியைப் போல ஒரு சீவலை உரித்தெடுக்கிறது. பல்லுக்கு முன்னால் சற்றுத் தாழ்வாக ஒரு மேடு உண்டு. அந்தத் தாழ்வு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். பல் அதற்கு மேல் ஆழமாகக் கடிக்காதபடி அம்மேடு தடுக்கும். கூர்மையான சங்கிலியிலிருந்து செதில் செதிலாக வரும். மழுங்கினால் மாவு போல வரும். எங்கள் வீட்டில் என் தங்கைகூட மரத்தூளைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

இனி ஒரு சிறு கணக்கு. எங்கள் சங்கிலியின் அளவு 0.325 அங்குலம். ஸ்பிராக்கெட்டின் ஒவ்வொரு பல்லும் சங்கிலியை இதைப்போல் இருமடங்கு, அதாவது 16.5 மில்லிமீட்டர் நகர்த்தும். ஏழு பற்கள் ஒரு சுற்றுக்கு 11.5 செ.மீ.க்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 17 மீட்டர். நெடுஞ்சாலையில் செல்லும் பேருந்தின் வேகம். இஞ்சின் இரண்டு கிலோவாட் தருவதாகக் கொண்டால், ஆற்றலை வேகத்தால் வகுக்க 118 நியூட்டன் கிடைக்கும். நாட்டு வழக்கில் பன்னிரண்டு கிலோ விசை. இவ்வளவுதான். ரம்பம் கட்டையை இழுக்கும் விசை ஒரு குடம் தண்ணீரின் எடைகூட இல்லை என்று அறிந்தபோது எனக்குத் துணிவு வந்தது. கணு மாட்டிக் கொண்டால் கணநேரத்துக்கு இதைவிடப் பன்மடங்கு கூடும் என்பது வேறு. அதற்காகவே சட்டத்தைத் தேவைக்கு மேல் கனமாகச் செய்கிறோம்.

அந்த விசையின் திசையை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பாரின் அடிப்புறத்தில் சங்கிலி இஞ்சினை நோக்கி ஓடுகிறது. ஆகவே கட்டை இஞ்சின் பக்கம் இழுபடும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இயந்திரம் பாரின் மூக்கு நோக்கி முன்னே இழுபடும். பாரின் மேற்புறம் இதற்கு நேர்மாறு. மூக்கின் மேற்பாதி எதிலாவது இடித்தால் இயந்திரம் மேல்நோக்கித் துள்ளி, பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி வரும். செயின் சாவினால் நேரும் கொடிய காயங்களில் பல இந்தத் துள்ளலால் நேர்பவை.

முதற் கேள்வி, இயந்திரத்தை எங்கே பற்றிக் கட்டுவது? கைப்பிடியைக் கட்டினால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கைப்பிடிக்கும் இஞ்சினுக்கும் இடையே அதிர்வைத் தடுக்க ரப்பரோ ஸ்பிரிங்கோ வைத்திருக்கிறார்கள். கைப்பிடியைக் கட்டினால் ரப்பரின் மேல் இஞ்சின் ஆடும்; பார் நேராக இறங்காமல் கோணும். பாரோ இஞ்சினோடு நேரே போல்ட் போட்டு முறுக்கப்பட்டது. எனவே பாரையே பற்ற வேண்டும். மரத்தைப் பலகையாக அறுக்கப் பயன்படும் சட்டங்களிலும் இதே முறைதான்: இஞ்சினை ஒட்டி ஒரு கவ்வி, மூக்கருகே ஒரு கவ்வி. கவ்வி ஆங்கில 'சி' எழுத்தைப் போலச் சங்கிலியைச் சுற்றி வளைந்து, பாரின் நடுத்தகட்டை மட்டும் இருபுறமும் அழுத்த வேண்டும். ஓடும் சங்கிலிக்கும் கவ்விக்கும் இடையே விரற்கடை இடைவெளி வேண்டும். இவ்விரு கவ்விகளால் 20 அங்குலப் பாரில் ஏழு அங்குலம் போய்விடும். மிஞ்சும் பதின்மூன்று அங்குலம் எங்கள் கட்டைகளுக்குத் தாராளம். இதில் ஓர் எதிர்பாராத ஆதாயமும் உண்டு. மூக்கைக் கவ்வி மூடிவிடுவதால் துள்ளல் நேரும் இடமே மரத்தைத் தொட முடியாது.

இரு கவ்விகளையும் இணைப்பது ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய். ஹாக்சாவின் சட்டம் போல அது பாருக்கு மேலே பன்னிரண்டு அங்குல உயரத்தில் செல்கிறது. பார் கட்டையின் அடிவரை இறங்கும்போது குழாய் கட்டையின் தலையில் இடிக்கக் கூடாதல்லவா? ஆகவே இந்த உயரமே அறுக்கக்கூடிய கட்டையின் பருமனை முடிவு செய்கிறது. நாங்கள் பத்து அங்குலம் என்று வரையறுத்தோம். அதற்கு மேற்பட்ட தூர்க்கட்டைகளைப் பிளந்துவிட்டுத்தான் கொண்டுவருவோம். இஞ்சினின் எடை முழுவதும் கவ்வியில் தொங்காதபடி பழைய லாரி டியூப் பட்டை ஒன்றால் அதைக் குழாயோடு தாங்கலாகக் கட்டியிருக்கிறோம். சங்கிலியை இறுக்க வேண்டுமானால் பார் முன்னே நகர வேண்டும். அதனால் மூக்குக் கவ்வியைத் தளர்த்திய பிறகே இறுக்குவது என்பது வழக்கம்.

குழாயின் பின்முனை இஞ்சினைத் தாண்டிச் சென்று ஒரு கீலில் முடிகிறது. 25 மில்லிமீட்டர் தண்டு, பத்து அங்குல இடைவெளியில் இரண்டு பெடஸ்டல் பேரிங்குகள். இடைவெளி குறைந்தால் பார் பக்கவாட்டில் ஆடும். ஆடினால் அறுப்பு வாயில் இறுகிவிடும். சட்டம் முழுவதிலும் புதுச்சாமானாக வாங்கியவை இவ்விரு பேரிங்குகளும் தண்டும்தான். மற்றவை பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்தவை. பட்டறைக் கூலியும் சேர்த்து நாலாயிரத்து நூறு ரூபாய் ஆயிற்று.

கீலை எந்த உயரத்தில் வைப்பது? என் கருத்தில் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி இதுதான். வெல்டிங் பட்டறைக்காரரான என் மாமா, "எங்க வச்சா என்ன மாப்ள, ஏறி இறங்கினாச் சரி" என்றார். அப்படியன்று. இயந்திரம் பார்க்கோட்டின் வழியே முன்னோக்கி இழுபடுகிறது என்று சொன்னேன் அல்லவா? கீல் அக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அவ்விழுப்பு பாரைக் கீழ்நோக்கித் திருப்பும். பல் கடிக்கக் கடிக்க இன்னும் ஆழமாக இறங்கும். இறங்கினால் இன்னும் கடிக்கும். கணுவில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கீல் கோட்டுக்கு மேலே இருந்தால் அதே இழுப்பு பாரை மேல்நோக்கித் தூக்கும். அளவுக்கு மீறிக் கடித்தால் தானே விடுபட்டு எழும். இயந்திரம் ஏறினாலும் இறங்கினாலும் பாரும் கூடவே திரும்புவதால் கீலுக்கும் விசைக்கோட்டுக்கும் உள்ள செங்குத்துத் தூரம் மாறுவதில்லை. மேலே என்றால் எவ்வளவு மேலே? நாலு அங்குலம் வைத்தோம். பன்னிரண்டு கிலோ விசையை நாலு அங்குலத்தால் பெருக்கி, கீலிலிருந்து கைப்பிடி வரையுள்ள 54 அங்குலத்தால் வகுத்தால் ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்த எழும்பலைக் கையால் அமுக்க ஒரு குழந்தையாலும் முடியும். (குழந்தைகளை அருகில் விடுவதில்லை என்பது வேறு செய்தி.) குழாயின் உயரத்திலேயே, அதாவது பன்னிரண்டு அங்குலத்தில் வைத்திருந்தால் ஏறத்தாழ மூன்று கிலோ அமுக்க வேண்டி, மாலைக்குள் தோள் கழன்றுவிடும். மாமாவுக்கு இதைத் தரையில் கரிக்கட்டியால் வரைந்து காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பேரிங்கைத் தூக்கி நாலு அங்குலத்தில் புள்ளி வைத்தார்.

இயந்திரமும் சட்டமும் சேர்ந்து பதினாறு கிலோ. அவற்றின் எடை மையம் கீலிலிருந்து 22 அங்குலத்தில். பெருக்கினால் 352. கீலுக்குப் பின்னால் 14 அங்குலத்தில் எதிர் எடை வைத்தால் 25 கிலோவில் இரண்டும் சமமாகும். ஆனால் சமமாக இருந்தால் போதாது. கையை எடுத்தால் ரம்பம் தானாக மேலே போய் நிற்க வேண்டும். எனவே 27 கிலோ. ஒரு காலி எண்ணெய்த் தகரத்தில் பதினொரு லிட்டர் அளவுக்குக் கான்கிரீட் ஊற்றினோம். கான்கிரீட் லிட்டருக்கு 2.4 கிலோ, தகரத்தையும் சேர்த்தால் கணக்குச் சரி. மேலே எழும் அளவுக்கு ஒரு சங்கிலித் தடையும், கீழே பார் தரையைத் தொடாதபடி ரப்பர் வைத்த ஒரு தடையும் உண்டு. ஊரில் பலரும் இதனை 'ஊஞ்சல்' என்று அழைப்பது இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான்.

கட்டையை வைக்கும் தொட்டில் பார்வைக்கு எளியது, ஆனால் அதில்தான் அனுபவம் தேவை. பதினெட்டு அங்குல இடைவெளியில் இரண்டு கவைகள், இடுப்பு உயரத்தில். கவையின் உட்புறத்தில் கட்டடக் கம்பித் துண்டுகளை நெருக்கமாக வைத்து வெல்டிங் வைத்தோம். அவற்றின் வரிகள் பட்டையைக் கடித்துப் பிடிக்கும். சங்கிலி கட்டையை இஞ்சின் பக்கம் இழுக்கும் என்பதால் அந்தப் பக்கத்துக் கால் மற்றதைவிட நாலு அங்குலம் உயரம். அறுப்பு விழும் இடம் இரு கவைகளுக்கும் நடுவில் இருக்கவே கூடாது. இருபுறமும் தாங்கிய கட்டையை மேலிருந்து அறுத்தால் நடு தொய்ந்து, வெட்டின் வாய் மேலே மூடிப் பாரைக் கவ்விக்கொள்ளும்; பிறகு ஆப்பு அடித்துத்தான் எடுக்க வேண்டும். கவைக்கு வெளியே மூன்று அங்குலம் தள்ளி அறுத்தால் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு தன் எடையால் தொங்கி வெட்டின் வாயைத் திறந்துவிடும். பாலத்துக்கும் பால்கனிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வளைந்த கட்டை புரளாமலிருக்க ஒரு பழைய மோட்டார் சைக்கிள் செயினைக் கட்டையின் மேல் போட்டுக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கால்மிதியோடு இணைத்திருக்கிறோம். மிதித்தால் இறுகும், காலை எடுத்தால் தளரும். சிறு மிலாறுகளைத் தனித்தனியே வைத்தால் பல் அவற்றை அள்ளி வீசும். முப்பது நாற்பதைக் கட்டாகக் கட்டி வைத்தால் ஒரே மரம் போல அறுபடும். நீள அளவுக்கு ஒரு தகடு உண்டு. கட்டையை அதுவரை தள்ளியபின் தகட்டை மடக்கிவிட வேண்டும். மடக்காவிட்டால் அறுந்த துண்டு தகட்டுக்கும் பாருக்கும் இடையே நெருக்குண்டு திரும்பும்.

ஆக்சிலேட்டரைக் கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டுவோர் உண்டு. அந்த முறையை என்னால் ஏற்க இயலாது. இந்த இயந்திரங்களின் பின்கைப்பிடியில் இரண்டு விசைகள் இருக்கும்: உள்ளங்கையால் அமுக்கும் பூட்டு ஒன்று, விரலால் இழுக்கும் ஆக்சிலேட்டர் ஒன்று. பூட்டை அமுக்காமல் மற்றது நகராது. நாங்கள் சைக்கிள் பிரேக் பிடிகள் இரண்டை நீளக் கைப்பிடியில் பொருத்தி, இடக்கைப் பிடியின் கேபிளைப் பூட்டுக்கும் வலக்கைப் பிடியின் கேபிளை ஆக்சிலேட்டருக்கும் கொடுத்தோம். இரு கைகளும் பிடியில் இருந்தால்தான் சங்கிலி ஓடும். எந்தக் கையை எடுத்தாலும் இஞ்சின் தணிந்து கிளட்ச் விட்டுவிடும். இரு கைகளும் அங்கே இருக்கும்போது சங்கிலியருகே போக மூன்றாவது கை எவருக்கும் கிடையாது. இஞ்சினை அடியோடு நிறுத்த ஒரு சுவிட்சும் அங்கேயே இருக்கிறது. கைப்பிடியை நேராக வைக்காமல் பக்கவாட்டில் ஓரடி வளைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஓடும் சங்கிலி அறுந்தால் அதன் கண்ணி பாரின் தளத்திலேயே தெறிக்கும். அந்தக் கோட்டில் முன்னாலோ பின்னாலோ எவரும் நிற்கக் கூடாது. அறுப்பவர் தொட்டில் பக்கம் நிற்கிறார். துண்டுகள் மறுபக்கம் விழுகின்றன.

பராமரிப்பைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், முப்பது பாகை சாய்வு, பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு. பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில், எங்கள் இயந்திரத்தோடு வந்த குறிப்பேட்டின்படி. பாருக்குக் கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அதிலுள்ள இரும்புப் பொடி பாரின் பள்ளத்தைத் தேய்ப்பதோடு, தெறித்து மூச்சிலும் தோலிலும் சேர்கிறது. மிச்சம் பிடிக்கும் பணம் வேறு வழியில் போய்விடும். கருவேலந்தூரின் அடிப்பட்டையில் மண் ஒட்டியிருக்கும். ஒரு கைப்பிடி மண் ஒரு நாள் கூரைத் தின்றுவிடும் என்பதால் தொட்டிலில் ஏற்றுமுன் துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு போதாது, பூட்ஸ் வேண்டும். சீமைக்கருவேல் முள் ரப்பர் செருப்பைத் துளைப்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

வேகம் எவ்வளவு கூடியது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அறுப்பின் வேகம் கூடவே இல்லை. சங்கிலி அதேதான், இஞ்சினும் அதேதான். ஆனால் குனிந்து நிமிர்வதும், ஆடும் கட்டையைக் காலால் மிதித்துப் பிடிப்பதும், அரை மணிக்கு ஒரு முறை கையை உதறிக்கொண்டு உட்காருவதும் போயின. ஒரு டிரெய்லர் விறகு முன்பு முழுப் பகலைத் தின்றது. இப்போது பிற்பகல் மூன்று மணிக்கு முடிகிறது. குறைகளும் உண்டு. சட்டத்தைக் காட்டுக்குத் தூக்கிச் செல்ல முடியாது, கட்டைதான் கொல்லைக்கு வர வேண்டும். மரத்தைச் சாய்ப்பதற்கு இயந்திரத்தைக் கழற்றினால் திரும்ப மாட்டக் கால் மணி நேரம் ஆகிறது. இரைச்சல் சிறிதும் குறையவில்லை. அண்டை வீட்டாரின் பொறுமையை நம்பியே பகலில் மட்டும் ஓட்டுகிறோம்.

கைப்பிடியில் அதிர்வு முற்றிலும் இல்லையென்று சொல்ல மாட்டேன். நீண்ட குழாய் வழியே சிறிது வருகிறது. பிடியைச் சுற்றி டியூப் ரப்பரை மூன்று சுற்றுச் சுற்றியபின் பெரும்பகுதி அடங்கியது. இப்போது மரம் சாய்க்கும் வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, துண்டு போடுவதை மட்டும் அய்யா பார்க்கிறார். எட்டு மாதம் ஆகிறது. வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் உணர்ச்சி ஓரளவு திரும்பியிருக்கிறது. மற்றவை அப்படியேதான் இருக்கின்றன. மருத்துவர் இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்கிறார். அடுத்த வேலையாக, கவைகளின் உயரத்தை ஏற்றி இறக்கும்படி துளையும் ஊசியும் வைக்கச் சொல்லி மாமாவிடம் கேட்டிருக்கிறேன். அம்மாவும் அவ்வப்போது நின்று அறுக்கிறாள். அய்யாவின் உயரத்துக்கு வைத்த தொட்டில் அவளுக்கு நாலு அங்குலம் அதிகம்.